துருப்பிடித்த கேபினட்டோடு ஒரு பழைய கேஸ் கிரில்: பெயின்ட்டா, பவுடர் கோட்டிங்கா, புது ஸ்டாண்டா?

ஏற்காட்டில் ஒரு பங்களா கைமாறினாலோ, ஏதாவது ரிசார்ட்டில் பழைய சாமான்களைக் கழித்தாலோ, கட்டில் மெத்தையோடு சேர்ந்து ஒரு கேஸ் கிரில் அடுப்பும் எப்படியாவது வெளியே வந்துவிடுகிறது. மேலே மூடி பளபளவென்று இருக்கும். கீழே கேபினட் முழுக்கத் துரு ஏறி, கதவைத் திறந்தால் கீல் கையோடு வரும். விற்கிறவர் "கொஞ்சம் பெயின்ட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடுங்க" என்பார். வீட்டில் "இரும்புக்கடைக்குப் போறதை எதுக்குக் காசு குடுத்து வாங்கிட்டு வர்ற" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. கேபினட் என்பது கிரிலைத் தூக்கி நிறுத்தும் ஒரு மேசை, அதற்கு மேல் அதற்கு வேலை கிடையாது. மேலே இருக்கும் அடுப்புப் பெட்டி நன்றாக இருந்தால் கேபினட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, சேலத்தில் ஒரு ஆங்கிள் (‘L’ வடிவ இரும்புப் பட்டை) ஸ்டாண்ட் அடித்து அதன்மேல் உட்காரவைப்பதுதான் இந்த மலைக்கு ஒத்துவரும் வழி என்பது என் கட்சி. ஆனால் எல்லாக் கேபினட்டும் ஒரே அளவுக்குக் கெட்டுப்போவதில்லை, சிலவற்றுக்குப் பெயின்ட்டே போதும், அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் மேல்பகுதி. காசு கொடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து, கம்பித் தட்டையும் பர்னர் மேலே கூரைபோல் மடித்து வைத்திருக்கும் தகடுகளையும் வெளியே எடுங்கள். பெட்டியின் அடியையும் மூலைகளையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். வெபர் கம்பெனியின் ஸ்பிரிட், ஜெனிசிஸ் மாடல்களில் இந்தப் பெட்டி வார்ப்பு அலுமினியம், அது துருப்பிடிக்காது. வெள்ளையாகப் பொரிந்திருந்தாலும் சுரண்டினால் உள்ளே உலோகம் திடமாகவே இருக்கும். விலை குறைந்த பல கிரில்களில் பெட்டியே மெல்லிய இரும்புத் தகடு. அதில் ஓட்டை விழுந்திருந்தால் பேச்சே வேண்டாம், உருகிய கொழுப்பு எந்த வழியாகக் கீழே இறங்கி எங்கே பற்றும் என்று யாராலும் சொல்ல முடியாது, அது எடைக்குத்தான். மூடியின் உட்புறம் கறுப்பாகச் செதில் செதிலாக உரிந்து விழுவதைப் பார்த்து மட்டும் பயந்துவிடாதீர்கள், பெரும்பாலும் அது பெயின்ட் இல்லை, புகையும் கொழுப்பும் படிந்து கரியானது, சுரண்டிக் கழுவினால் போய்விடும்.

பர்னர் குழாயில் துளைகள் அரித்து ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அந்தக் கூரைத் தகடுகள் இற்றுப்போயிருந்தால் கவலையில்லை, சேலத்தில் ஓட்டல் கிச்சன் டேபிள், பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் செய்கிற எந்த ஸ்டெயின்லெஸ் பட்டறையிலும் பழையதை மாதிரிக்குக் கொடுத்தால் 304 என்கிற நல்ல ரக ஸ்டெயின்லெஸ் தகட்டில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். கம்பெனி பார்ட் வருவதற்குக் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, மேல்பகுதி தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். துரு ஏன் கீழே மட்டும் இப்படித் தின்கிறது? மேல்பெட்டி ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் சூடாகிக் காய்ந்துவிடுகிறது, கேபினட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1500 மீட்டர் உயரத்தில் மழைக்காலம் முழுக்கப் பனிமூட்டம் உள்ளே புகுந்து தகட்டின்மேல் நீராக நிற்கும், அதற்கு மேல் நாம் ஆசையாக ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டு அந்த ஈரம் வெளியேறாமல் பார்த்துக்கொள்கிறோம். கறியில் தடவிய மசாலாவின் உப்பு கொழுப்போடு சொட்டி அடித்தகட்டில் ஊறுகிறது. தகடுகளை மடித்துச் சேர்த்திருக்கும் ஓரங்களில் தண்ணீர் ஏறிக்கொண்டால் அது காயவே காயாது. நீங்கள் வெளியில் பார்க்கும் துரு பாதிதான், மீதி அந்த மடிப்புக்குள் இருக்கிறது. இது நினைவில் இருக்கட்டும், பவுடர் கோட்டிங் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கிரிலை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். அமெரிக்க மாடல் கிரில்களின் கேபினட், அங்கே புழங்கும் 20 பவுண்டு சிலிண்டருக்காகச் செய்தது. அதில் சுமார் 9 கிலோ கேஸ், ஒன்றரை அடி உயரம், நிறைந்திருந்தால் 17 கிலோ. நம் வீட்டுச் சிவப்புச் சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்து 30 கிலோ வரும், உயரம் இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். பல கேபினட்டுகளில் அது நுழையவே நுழையாது. எப்படியோ சாய்த்துத் திணித்தாலும், துருவேறிய அடித்தகடு அது தாங்க வேண்டியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும். அதனால் சிலிண்டர் வெளியேதான் நிற்கும். அப்புறம் அந்தக் கேபினட்டுக்குள் என்ன இருக்கும்? கிழிந்த கையுறை, பழைய செருப்பு, குளவிக்கூடு. இதைக் காப்பாற்றவா இவ்வளவு மெனக்கெடுகிறோம் என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் பெயின்ட் போதுமான கேபினட் உண்டு. அடையாளம் சுலபம்: கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபின் தகடு முழுசாக இருக்க வேண்டும், ஸ்க்ரூ டிரைவர் எங்கேயும் உள்ளே இறங்கக்கூடாது, நான்கு மூலைகளும் ஆடாமல் நிற்க வேண்டும். அப்படியென்றால் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிக்கலாம், உழைப்பு உங்களுடையது. பலர் தப்பு செய்வது ஆரம்பத்தில்தான், நேராக உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடுவார்கள். கொழுப்பு இருக்கும் தகட்டைத் தேய்த்தால் கொழுப்பைத் துருவுக்குள் இன்னும் நன்றாக ஏற்றுகிறோம், அதன்மேல் எந்தப் பெயின்ட்டும் ஒட்டாது. முதலில் சுடுதண்ணீரில் சலவைச் சோடா போட்டு இரண்டு தடவை கழுவி, வெயிலில் காயவைத்து, அதற்குப் பிறகு கம்பி பிரஷ், 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 220. தின்னரில் துடைத்துவிட்டு ரஸ்ட் கன்வெர்ட்டர் அடியுங்கள், அதிலிருக்கும் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ மிச்சமிருக்கும் துருவோடு வினைபுரிந்து கறுப்பான, அசையாத ஒரு படலமாக மாற்றிவிடும். தூளாக உதிரும் தடித்த துருவின்மேல் அடித்தால் அடியில் எதுவும் நடக்காது, அதனால் சுரண்டும் வேலையை அது மிச்சப்படுத்தும் என்று நம்ப வேண்டாம். மறுநாள் பிரைமர் இரண்டு கோட், எனாமல் இரண்டு கோட். கேபினட் அப்படியொன்றும் சூடாகாது என்பதால் கேட்டுக்கு அடிக்கிற சாதாரண எனாமலே போதும். மூடியின் வெளிப்புறத்துக்கு மட்டும் 600 டிகிரி தாங்கும் சிலிக்கான் வகைப் பெயின்ட் வேண்டும். பெட்டியின் உட்புறத்துக்கு எந்தப் பெயின்ட்டும் கூடாது, அங்கே நாம் சாப்பிடும் பொருள் வேகிறது.

ஓட்டை விழுந்த இடத்தில் எம்-சீலோ பட்டியோ பூசி மறைக்கலாம், பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எடை தாங்காது. இன்னும் சிலர் ஓட்டைகளோடு சேர்த்து கம்பெனி வைத்த காற்று இடைவெளிகளையும் தகடு வைத்து அடைத்துவிடுகிறார்கள். எல்பிஜி காற்றைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம், கசிந்தால் மேலே போகாது, கீழே தேங்கும். கேபினட்டின் அடியில் திறப்பு வைத்திருப்பதே அது வெளியே வழிந்து போகத்தான். அதை அடைத்துவிட்டு உள்ளே சிலிண்டரை வைத்துக் கதவையும் மூடினால், அந்த அழகான பெட்டியின் பக்கத்தில் நான் நிற்கமாட்டேன்.

பெயின்ட்டுக்கு நாள் பார்ப்பதும் முக்கியம். ஜூன் முதல் நவம்பர் வரை ஏற்காட்டில் பெயின்ட் வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள், ஈரக்காற்றில் எனாமல் பளபளப்பு போய் வெளிறிவிடும், அடியில் சிக்கிய ஈரம் அடுத்த மழைக்குக் கொப்புளமாக வெளியே வரும். பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். காப்பித் தோட்டக்காரர்கள் எதிர்பார்த்திருக்கும் பூ மழை நடுவில் வந்து கெடுக்கலாம், அன்றைக்குத் திண்ணையில் தள்ளிவைத்துக்கொள்ள வேண்டியதுதான். அவசரமென்றால் கேபினட்டைக் கழற்றி டாடா ஏஸில் ஏற்றி 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கி, சேலம் வெயிலில் மொட்டைமாடியில் வைத்து அடித்துவிடலாம், அங்கே பெயின்ட் காய்வதில் எந்தப் பிரச்சினையும் வராது. இவ்வளவும் செய்தால் மலையில் நான்கைந்து வருடம் ஓடும் என்பது என் கணக்கு, நடுவில் கீறல் விழுந்த இடங்களில் தொட்டுத்தொட்டு அடிக்க வேண்டும்.

பவுடர் கோட்டிங், அதாவது பெயின்ட்டைத் தூளாகத் தூவி அடுப்பில் வேகவைப்பது, அதைச் செய்தால் ஒரேயடியாக முடிந்துவிடும் என்று சொல்பவர்கள் அதிகம். ஜன்னல் கம்பி, கேட், புது நாற்காலி இதற்கெல்லாம் நானும் அதைத்தான் சொல்வேன். பழைய கிரில் கேபினட்டுக்கு மட்டும் அது சரிப்படாது என்று நினைக்கிறேன், காரணம் பவுடரில் இல்லை, அதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலையில் இருக்கிறது. பவுடர் ஒட்ட வேண்டுமென்றால் தகடு வெறும் இரும்பாக இருக்க வேண்டும். பழைய பெயின்ட்டும் துருவும் போக ஒன்று மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுரண்டும் பிளாஸ்டிங் செய்ய வேண்டும், அல்லது ஆசிட் தொட்டியில் முக்க வேண்டும். முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லாத தகட்டில் பிளாஸ்டிங் அடித்தால் அது நெளிந்து வளைந்துவிடும், துரு தின்று மெலிந்த இடங்களில் பொத்தலும் விழும். நிதானமான பட்டறைக்காரர் என்றால் பார்த்தவுடனேயே "இந்தத் தகடு தாங்காதுங்க, வேற ஏதாச்சும் பண்ணிக்கங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார், அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிட் தொட்டி என்றால் முன்னே சொன்னேனே அந்த மடிப்பு ஓரங்கள், அதற்குள் ஆசிட் புகுந்து சரியாகக் கழுவப்படாமல் தங்கிவிடும். பிறகு 180 முதல் 200 டிகிரி அடுப்பில் வேகவைத்து எடுத்தால் வெளியே வழவழப்பாக வரும், சில மாதத்தில் மடிப்போரமாகப் பழுப்புக் கோடு கசியத் தொடங்கும். பவுடரும் இடுக்குக்குள் சரியாகப் போவதில்லை, மின்னூட்டத்தால் ஒட்டுகிற சரக்கு அது, உள்மூலைகளில் விழாமல் வெளி விளிம்பிலேயே தங்கிவிடுகிறது. ஆக, துரு லேசாக இருந்தால் பெயின்ட்டே போதும், துரு ஆழமாக இருந்தால் பவுடர் கோட்டிங் நிற்காது. நடுவில் அதற்கென்று ஒரு கேபினட் இருக்கிறதா என்றால், மூடுகிற கதவுகள் மட்டும், தட்டையான ஒற்றைத் தகடாக இருந்தால், கழற்றிக் கொடுத்து அடிக்கலாம்.

இப்போது ஸ்டாண்ட். கிரிலின் அடுப்புப் பெட்டி பெரும்பாலும் இரண்டு பக்கமும் நான்கைந்து போல்ட்டில் கேபினட்டின்மேல் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். கழற்றுவதற்கு முன்பே அந்த போல்ட் துளைகளுக்கு இடையிலான தூரம், கொழுப்புத் தட்டு வெளியே இழுக்கும் பக்கம், நாப் இருக்கும் உயரம் மூன்றையும் அளந்து போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், கழற்றிய பிறகு அளந்தால் ஒன்றும் விளங்காது. இந்தக் குறிப்போடு வெல்டிங் பட்டறைக்குப் போனால் அரைநாள் வேலை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இரும்புக்கடைகளில் 25 மில்லிமீட்டர் ஆங்கிள், 3 மில்லிமீட்டர் கனத்தில் வாங்கிக் கொடுங்கள். பட்டறைக்காரர் ஸ்கொயர் டியூப் அழகாக இருக்கும் என்பார், அழகாகத்தான் இருக்கும், ஆனால் டியூபுக்குள் ஈரம் போய் உள்ளிருந்து தின்பது நம் கண்ணுக்குத் தெரியாது, ஒருநாள் கால் மடங்கும்போதுதான் தெரியும். ஆங்கிளில் எல்லாப் பக்கமும் கண்ணுக்குத் தெரியும், எல்லாப் பக்கமும் பிரஷ் போகும், துரு எட்டிப் பார்த்தால் அன்றைக்கே தேய்த்து அடித்துவிடலாம். தகடு எதுவும் சுற்றி அடைக்காமல் திறந்த ஸ்டாண்டாகவே விடுங்கள். காற்று வந்துபோகிற இரும்பு காய்ந்துவிடும், கசிந்த கேஸும் தேங்காது. மேடுபள்ளமான நிலத்தில் சக்கரம் எதற்கும் உதவாது, கால்களுக்கு அடியில் பிளேட் வைத்துக் கருங்கல்லின்மேல் நிறுத்தினால் மண்ணீரம் ஏறாது.

ஸ்டெயின்லெஸ்ஸிலேயே அடித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். சேலத்துக்காரர்களுக்கு அந்த ஆசை இயல்பு, ஊரிலேயே செயில் கம்பெனியின் உருக்காலை ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டிக்கொண்டிருக்கிறது, பட்டறைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் 304 என்று சொல்லி 202 என்கிற மலிவு ரகத்தைக் கொடுப்பது சகஜம். காந்தம் வைத்துப் பார்ப்பது இதில் உதவாது, இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. 202-இல் அதிகமாக இருக்கும் மாங்கனீசைக் காட்டிக்கொடுக்கும் சொட்டு மருந்து விற்கிறார்கள், கடையிலேயே ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 202 தண்ணீர்ப் பானைக்குப் பரவாயில்லை, உப்பும் பனியும் படுகிற இடத்தில் பழுப்புப் புள்ளி விழும். இரும்பு அறுத்த அதே கட்டிங் வீலால் ஸ்டெயின்லெஸ்ஸை அறுத்தாலும் இரும்புத் துகள் ஒட்டி அங்கேயே துருப்புள்ளி வரும், புது வீல் போடச் சொல்ல வேண்டும், ஆர்கான் வெல்டிங்தான் வேண்டும். செலவு ஆங்கிளைப்போலப் பல மடங்கு. வாரம்தோறும் கிரில் ஓடுகிற ஹோம்ஸ்டே என்றால் 304 ஸ்டாண்ட் நியாயம். வருடத்துக்கு நான்கு தடவை, கோடை விழாவுக்கு விருந்தாளிகள் வரும்போது பற்றவைக்கிற வீட்டுக்கு ஆங்கிளே தாராளம்.

சொந்த இடம், கிரில் இனி நகரப்போவதில்லை என்று உறுதியாக இருந்தால் செங்கல்லில் மேடை கட்டி உள்ளே இறக்கிவைப்பதும் உண்டு. மேலே கடப்பா கல் போட்டால் மசாலா வைக்க இடம் கிடைக்கும், குரங்கு தள்ளிவிடாது, பார்க்கவும் அம்சம். ஆனால் தரையோடு எதிரெதிராக இரண்டு பக்கம் திறப்பு விடாமல் கட்டினால் அதே கேஸ் தேங்குகிற கதை, இந்தமுறை தகட்டுக்குப் பதில் செங்கல்லில். பின்பக்கம் சூடும் புகையும் வெளியேறும் இடைவெளியையும் சுவரோடு ஒட்டி அடைத்துவிடுவார்கள். மேஸ்திரிக்கு இதெல்லாம் நீங்கள்தான் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

புதிது வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காசிருந்தால் வாங்கலாம், ஆனால் விலை குறைந்த புது கிரிலின் கேபினட்டும் இதே மெல்லிய தகடுதான், இதே பனியில்தான் நிற்கப்போகிறது. பழைய நல்ல அடுப்புப் பெட்டியும் புது ஸ்டாண்டும் சேர்ந்தால் அதைவிட நாள்பட உழைக்கும்.

எந்த வழியில் போனாலும் கேஸ் இணைப்பில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பழைய கிரிலோடு வந்த ரெகுலேட்டர் வெளிநாட்டு வகை என்றால் நம் சிலிண்டரில் பொருந்தாது. அதனால் வீட்டு ரெகுலேட்டரை மாட்டி, கிரில் பக்கம் பித்தளை அடாப்டர் போட்டு இணைக்க வேண்டும், கேஸ் அடுப்பு சர்வீஸ் செய்கிற அனுபவசாலி ஒருவரைக் கூப்பிட்டுச் செய்வது நல்லது. அழுத்தம் பிரச்சினையில்லை: அமெரிக்க எல்பிஜி கிரில்கள் சுமார் 28 மில்லிபாரில் ஓடுகின்றன, நம் வீட்டு ரெகுலேட்டர் தருவது சுமார் 30. பரோட்டாக் கடை அடுப்புக்கு மாட்டுகிற ஹை பிரஷர் ரெகுலேட்டரை இதில் யார் சொன்னாலும் போடாதீர்கள். ஹோம்ஸ்டேயில் விருந்தாளிகளுக்குச் சமைக்கிறீர்கள் என்றால் 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் சட்டப்படி சரி, அதற்கு ரெகுலேட்டரும் வேறு. டியூப் புதிதாக வாங்குங்கள், கம்பி வலை உள்ள சுரக்ஷா டியூப், ஒன்றரை மீட்டருக்குள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. அடுப்புப் பெட்டிக்கு நேர் கீழே சிலிண்டர் வேண்டாம், பக்கத்தில் நிற்கட்டும்.

மலையில் பற்றவைக்கும்போது தீ மஞ்சளாக எழுந்தால் உடனே கேஸ் பீய்ச்சும் சின்ன மூக்கான ஜெட்டைக் குறை சொல்லாதீர்கள். ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, பர்னர் குழாயின் வாயில் இருக்கும் காற்றுத் தகட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டால் பெரும்பாலும் நீலமாகிவிடும். அப்படியும் சரியாகாமல், நாப் பக்கமாகத் தீ எட்டிப் பார்த்தால் அணைத்துவிட்டுக் குழாயைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே சிலந்தி வலையோ குளவி வைத்த மண்ணோ இருக்கும். கேஸ் வாசனையில் ஒரு ஈர்ப்பு இருக்கிறதோ என்னவோ, சிலந்திகள் இந்தக் குழாயைத் தேடி வந்து குடியேறுகின்றன. ஒரு நீளமான பாட்டில் பிரஷ் போதும். எல்லாம் மாட்டியபின் பர்னர்களை மூடிய நிலையில் சிலிண்டரைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள், நுரை பொங்கினால் அங்கே கசிவு, அதைச் சரிசெய்யாமல் தீக்குச்சியைத் தொடவே கூடாது.